கடைசிக் காஜாவில் சிவப்பு நூல்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். பர்மாவில் பெகுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து யாங்கோனுக்கு, அதாவது பழைய ரங்கூனுக்கு, குடிவந்திருக்கும் ஒரு தாய் கேட்கிறார்: "மகன் இந்த ஜூனில் கேஜி வகுப்பில் சேருகிறான். என் அண்ணன் மகன் போன ஆண்டு அதே பள்ளியில் மூன்று சட்டைகளையும் ஒரு குடையையும் தொலைத்தான். மார்க்கரால் பெயர் எழுதித்தான் அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் எழுத்து மங்கிப்போனது. எதால் எழுதுவது, எங்கே எழுதுவது, தமிழிலா பர்மிய மொழியிலா? அவன் உடுத்தியவற்றை அடுத்து என் சின்ன மகளும் உடுத்த வேண்டியிருக்கும். அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்."

அம்மா, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிச் சீருடை தைத்து வருகிறேன். அனோரத்தா சாலைக் காளி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் என் கடை. ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டான திஞ்ஜானின் தண்ணீர் விளையாட்டு முடிந்து தெரு காய்வதற்குள் துணிக்கட்டோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். அன்று தொடங்கி மே கடைசிவரை என் கண்ணுக்கு வெள்ளையும் பச்சையும் தவிர வேறு நிறம் தெரியாது. தைத்துக் கொடுத்ததோடு வேலை முடிந்ததா என்றால், இல்லை. ஜூலையில் அதே தாய்மார்கள் திரும்பி வருவார்கள். "சட்டை மாறிப்போய்விட்டது, இன்னொன்று தையுங்கள்." எனக்கு வருமானம்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்தச் செலவு வேண்டாம்.

இந்த நாட்டுப் பள்ளிச் சீருடையைப் போலத் தொலைவதற்கென்றே பிறந்த உடுப்பு வேறு இல்லை. மேலே வெள்ளை, கீழே பச்சை. சின்னதுகளுக்குப் பச்சைக் கால்சட்டை அல்லது பாவாடை, வளர்ந்தவர்களுக்குப் பச்சை லோஞ்சி, நம் கைலிபோல. ஆசிரியைகள் உடுத்துவதும் அதே வெள்ளையும் பச்சையும்தான். நாற்பது பிள்ளைகள் மழையில் நனைந்து வந்து சட்டையைக் கழற்றிச் சன்னல் கம்பியில் உலர்த்தினால், எது யாருடையது என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. மாறி வந்த சட்டை அக்குளில் இறுக்கிப் பிடித்தால்தான் வீட்டில் விஷயம் தெரியவரும்.

நீங்கள் எதால் எழுதுவது என்று முதலில் கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு எழுதுவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். என் மூத்த மகன் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, அவன் பெயரை நல்ல தமிழில், நீல நூலில், சங்கிலித் தையல் போட்டுக் கழுத்துப்பட்டையின் உட்புறம் தைத்தேன். ஒரு சட்டைக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். இரண்டாவது வாரமே ஒரு சட்டை காணாமல் போனது. ஆண்டு முடியும்போது ஆசிரியையைப் பார்க்கப் போனேன். வகுப்பறை மூலையில் யாரும் கேட்டு வராத துணிகள் ஒரு பெட்டியில் கிடந்தன. என் சட்டையும் அதில் இருந்தது. ஆசிரியை நல்லவர், பாவம். "இதுவா? ஏதோ பூ வேலைப்பாடு என்று நினைத்தேனே" என்றார். எட்டு மாதம் மகனுக்குப் பத்தடி தூரத்திலேயே சட்டை இருந்திருக்கிறது. பெயரை வாசிக்க அங்கே யாரும் இல்லை.

அன்றைக்குப் புரிந்தது. பெயர் எழுதுவது கண்டெடுக்கிறவருக்காக. பள்ளியில் கண்டெடுப்பவர் ஆசிரியை, காவல்காரர், இன்னொரு பிள்ளையின் தாய். மூவரும் பர்மிய எழுத்து வாசிப்பவர்கள். ஆகவே பர்மிய எழுத்தில் எழுதுங்கள், அதுவும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரை எழுதுங்கள். நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர் இருப்பது வழக்கம்: வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பதிவேட்டில் ஒரு பர்மியப் பெயர். வீட்டுப் பெயரைச் சட்டையில் எழுதினால், எழுத்தை வாசித்துவிடுகிற ஆசிரியைக்கும் அது யார் என்று தெரியாது. தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதைத் தலையணை உறையில் தீர்த்துக்கொண்டேன்.

பெயர் மட்டும் போதுமா? போதாது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. பிறந்த கிழமைக்கு உரிய எழுத்தில் பெயரைத் தொடங்குவது பழைய வழக்கம்: திங்களுக்கு ககர வரிசை, செவ்வாய்க்குச் சகர வரிசை, வியாழனுக்குப் பகர வரிசை, சனிக்குத் தகர வரிசை, ஞாயிற்றுக்கு உயிரெழுத்து என்று போகும். எல்லாரும் பார்ப்பதில்லை என்றாலும், பார்ப்பவர்கள் நிறைய. அழகான பெயர்களும் அளவோடுதான் இருக்கின்றன. அதனால் ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பெயர் இருப்பது இங்கே அதிசயமே இல்லை. பதிவேட்டில் அவர்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் பிரிப்பார்கள்.

சிலர் பெயருக்குப் பக்கத்தில் வகுப்பையும் பிரிவையும் எழுதுகிறார்கள். வகுப்பு அடுத்த ஜூனில் மாறிவிடும், பிரிவும் மாறலாம். பழைய எழுத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுத முடியாது. மாறாத ஒன்று இருக்கிறது: தகப்பன் பெயர். பர்மியப் படிவங்களில் பெயருக்கு அடுத்த கட்டம் அதற்குத்தான். நமக்கோ இது புதிதே அல்ல. தமிழன் தன் பெயருக்கு முன்னால் போடும் முதலெழுத்தே தகப்பன் பெயர்தானே! பிள்ளையின் பெயர், பக்கத்திலேயே தகப்பன் பெயர், அவ்வளவுதான். பதிவேட்டைப் புரட்டினால் ஆசிரியைக்கு ஆள் அகப்பட்டுவிடும்.

பதிவேட்டிலேயே எண் சேர்ந்திருந்தால், அந்த எண்ணைப் பர்மிய இலக்கத்தில் எழுதாமல் 1, 2 என்றே எழுதுங்கள். பர்மிய இலக்கத்தில் பூச்சியமும் வகர எழுத்தும் ஒரே வட்டம். ஏழும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல. பெயரின் வாலில் அந்த இலக்கம் ஒட்டிக்கொண்டால் இன்னோர் எழுத்தாகிவிடும்.

எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மார்க்கர் வாங்குபவர்கள் யோசிக்காத இடம் இது. பனை ஓலையில் நேர்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால் பர்மிய எழுத்து வட்டமாக வளர்ந்தது என்பார்கள். விளைவு என்னவென்றால், பல எழுத்துகளுக்கு ஒரே வட்டம், வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது மட்டும் வேறுபாடு. மூடிய வட்டம் வகரம். மேலே திறந்தால் பகரம். கீழே திறந்தால் ககர வரிசையின் மூன்றாம் எழுத்து. வலப்பக்கம் திறந்தால் ஙகரம். துணியில் மை ஊறிப் பரவும்போது முதலில் அடைபடுவது அந்தத் திறப்புத்தான். அடைபட்டால் எல்லாம் வகரம்! தடித்த முனை மார்க்கர் வேண்டவே வேண்டாம். மெல்லிய முனை வாங்குங்கள், எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், வாய்களைச் சற்று மிகையாகவே திறந்து வையுங்கள். எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் வருமே, அவற்றுக்கும் இடம் விட்டாக வேண்டும்.

இனி மை. உங்கள் அண்ணன் வீட்டில் எழுதியது ஏன் மங்கியது? மூன்று காரணம் இருக்கலாம். சாதாரண 'பெர்மனென்ட்' மார்க்கரில் இருப்பது பெரும்பாலும் சாராயத்தில் கரைந்த சாயம். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் நிற்பதற்குச் செய்தது. அதன் மேல் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினால் சாயம் சிதைந்துபோகும், வெள்ளைச் சட்டைக்கு நாம் ஊற்றாமல் இருப்பதில்லை. இரண்டாவது, புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். கஞ்சிக்கு மேலே எழுதியதெல்லாம் முதல் துவைப்பிலேயே கஞ்சியோடு போய்விடும். மூன்றாவது, சீருடைத் துணி பலவற்றில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. பருத்தி நூல் மையைக் குடிக்கும், பாலியஸ்டர் குடிக்காது. அதன் மேல் மை படர்ந்து உட்கார்ந்திருக்கும், தேய்க்கத் தேய்க்க உதிரும்.

நிற்கும் மை என்றால் கரி கலந்த கறுப்பு மைதான். கரித்துகளை பிளீச்சிங் ஒன்றும் செய்யாது. துணிக்கென்றே விற்கும் மார்க்கர்களில் சாயத்துக்குப் பதிலாக இப்படி நுண்துகள் இருக்கும். கடையில் கேட்கும்போது 'துணிக்கு' என்று அழுத்திக் கேளுங்கள். பழைய காலத்தில் வெள்ளி நைட்ரேட் கலந்த மையும் இருந்தது, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். இப்போது அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அதற்கும் முந்தியது நம் ஊர்ச் சேராங்கொட்டை. ரங்கூனில் சலவைத் தொழில் செய்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர். வெளுக்கப் போன துணி வீடு மாறாமல் திரும்பியது அவர்கள் போட்ட குறியால். கொட்டையை ஊசியால் குத்தி, அதன் பாலைத் தொட்டுத் துணி ஓரத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு, மேலே சுண்ணாம்பு. அவ்வளவுதான். துணி கிழிந்தாலும் குறி போகாது. எழுதப் படிக்கத் தெரியாத சலவைக்காரர் நூறு வீட்டுக் குறியை மனத்தில் வைத்திருப்பார். என் பாட்டியின் புடவை ஒன்றில் இன்னமும் அந்த மூன்று புள்ளிகள் இருக்கின்றன, புடவையின் நிறம்தான் போய்விட்டது. ஆனால் இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். பிள்ளையின் சட்டைக்கு ஆகாது.

துணியில் நேரே எழுதுவதை நான் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாடாவில் எழுதித் தைக்கிறேன். பருத்தி நாடா, அரை அங்குல அகலம், பாவாடை நாடாவைவிடச் சற்று மெல்லியது. ஒரு கெஜம் வாங்குங்கள். முதல் வேலை, வெந்நீரில் அலசிக் காயவைப்பது. கஞ்சியும் போகும், சுருங்குவதும் இப்போதே சுருங்கிவிடும். காய்ந்ததை இஸ்திரி போட்டு, ஒரு பலகையில் இரு முனையிலும் ஊசி குத்தி இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள். நாடாவை நறுக்கிவிட்டு எழுதக்கூடாது. துண்டு நழுவும், எழுத்து கோணும். முழு நீளத்தில் பென்சிலால் இரண்டரை அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஒரு கெஜத்தில் பதினான்கு பெயர் எழுதலாம். ஓர் ஓரமாக முதல் பெயரை எழுதிப் பாருங்கள். மை பரவினால் கை வேகம் போதாது என்று பொருள். முனையை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டத்தை ஒரே இழுப்பில் முடியுங்கள். பதினான்கையும் எழுதி முடித்து ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, தண்ணீர் தெளிக்காமல், சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். பிறகு ஒருமுறை சோப்புப் போட்டுத் துவையுங்கள். மங்குவதானால் சட்டையில் ஏறும் முன்பே மங்கட்டும்.

நறுக்கிய பிறகு இரண்டு முனைகளையும் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் பிசிறு விடும். கையால் தைப்பதுதான் நல்லது. ஊசி துணியின் மேற்பக்கம் வராமல், உட்புறத் தையல் மடிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு போகவேண்டும். இயந்திரத்தில் ஓட்டினால் நான்கு பக்கமும் வெளியே தையல் கோடு தெரியும்.

இஸ்திரி போட்டு ஒட்டும் பெயர்ப்பட்டி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சந்தையில் கிடைக்கிறது, அழகாகவும் இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன், ஆனால் நம் ஊர் ஜூன் மாதத்துக்கு அது ஒத்துவருவதில்லை. அந்தப் பசை உருகி நூலுக்குள் இறங்க 150 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், பத்துப் பதினைந்து விநாடி அசையாமல் அழுத்த வேண்டும், துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். இங்கே மே மாதக் கடைசியிலிருந்து அக்டோபர்வரை மழை. கொடியில் இரண்டு நாள் தொங்கிய சட்டையும் தொட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் போய்விடும். இதற்கு நடுவில் மின்சாரம் நின்றுவிட்டால் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். என் கடையில் கரி போட்டுச் சூடாக்கும் இஸ்திரிப் பெட்டி வைத்திருக்கிறேன், அதால் ஒட்டிக் கொடுத்தவை நன்றாகவே பிடித்தன. வீட்டில் ஒட்டுவதானால் ஏப்ரல் வெயிலிலேயே ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாதீர்கள். மூலைகளைச் சதுரமாக விடாமல் கத்தரியால் வட்டமாக்கினால் உரிவது குறையும்.

சட்டையில் எங்கே வைப்பது? எல்லாரும் பின்கழுத்தில் வைப்பார்கள். தேடுபவர் முதலில் பார்க்கும் இடம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் பிள்ளைகளின் தலையை நினைத்துப் பாருங்கள். காலையில் தேங்காய் எண்ணெய், வாரிய சீப்பிலிருந்து சொட்டும் அளவுக்கு. வெயில் ஏறியதும் எண்ணெய் பிடரியில் இறங்கும், கன்னத்தில் பூசும் தனகா மரப்பட்டைச் சாந்தும் வியர்வையும் அதோடு சேரும். கழுத்துப்பட்டையின் மடிப்பு முழுக்க அந்தக் குழம்புதான். ஒட்டிய பசையை எண்ணெய் இளக்கும். எண்ணெய் படிந்த இடத்தைத்தான் நாமும் பிரஷ்ஷால் அரக்கித் தேய்ப்போம். எழுத்து எத்தனை நாள் தாங்கும்? தோலில் உரசி அரிக்கிறது என்று சில பிள்ளைகள் பட்டியைப் பிய்த்தும் விடுவார்கள். அதனால் தோள்பட்டித் துணி முடியும் தையலில், கழுத்துக்கு நான்கு விரல் கீழே வையுங்கள். சட்டையைத் திருப்பினால் உடனே கண்ணில் படும், எண்ணெயும் அவ்வளவாக இறங்காது.

லோஞ்சிக்கு வேறு கணக்கு. அது மூட்டிய குழாய், கழுத்தும் இல்லை, பட்டியும் இல்லை. ஆண்பிள்ளையின் லோஞ்சியான பசோவில் மேல் விளிம்பில் தைத்தால், முடிச்சுப் போட்டுச் செருகும் இடத்தில் நாடா மாட்டி இடுப்பை உறுத்தும். மூட்டுத் தையலை ஒட்டி, மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, உட்புறம் தையுங்கள். பெண்பிள்ளையின் லோஞ்சியான தமெயினில் இடுப்புக்குக் கறுப்புப் பட்டி வைத்துத் தைத்திருந்தால் வேலை எளிது. அதன் உட்பக்கத்தில் வெள்ளை நாடா பளிச்சென்று தெரியும். உங்கள் மகனுக்கு இப்போது கால்சட்டைதான். இடுப்புப்பட்டியின் உட்புறம், பின்பக்கம் நடுவில்.

இதுவரை சொன்னது கண்டெடுப்பவருக்கு. உங்கள் மகனுக்கு ஐந்து வயது. கேஜியில் சேர்ந்த அன்று அவனுக்குத் தன் பெயரை வாசிக்கத் தெரியாது. நாற்பது சட்டைகளுக்கு நடுவில் அவனாகவே தன் சட்டையை எடுக்கவேண்டும் என்றால், எழுத்து இல்லாத ஒரு குறி வேண்டும். சலவைக்காரரின் மூன்று புள்ளிபோல.

நான் செய்வது இது. சட்டையின் கடைசிக் காஜாவை, அதாவது கால்சட்டைக்குள் போய்விடும் காஜாவை, சிவப்பு நூலால் எடுக்கிறேன். மற்றவை வெள்ளையிலேயே இருக்கும். உடுத்தியிருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஆசிரியை கடிந்துகொள்ளவும் இடமில்லை. கழற்றினால் பிள்ளைக்குத் தெரியும். ஏற்கெனவே தைத்த சட்டை என்றால் அந்தக் காஜாவைச் சுற்றிச் சிவப்பு நூலால் ஒருமுறை கையால் தைத்தாலே போதும். என் பேரனுக்கு மஞ்சள். "உன் சட்டை எது?" என்று கேட்டால், முகத்தைக்கூடப் பார்க்காமல் கீழ்நுனியைப் பிடித்து இழுத்து, காஜாவுக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டுவான். நிறத்தைப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதே நிற நூலைப் பையின் பிடியிலும், சாப்பாட்டுப் பையின் நாடாவிலும், குடையின் கைப்பிடியிலும் சுற்றிவிடுங்கள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, துவைத்த துணிக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுக்கச் சொல்லி நாலு தடவை விளையாடுங்கள்.

செருப்பில் மட்டும் பெயர் எழுதாதீர்கள். நம் பெயர்களில் பாதி தெய்வத்தின் பெயர். முருகனையும் லட்சுமியையும் காலடியில் போட்டு மிதிக்க மனம் வருமா? பதிவேட்டில் பர்மியப் பெயர்தானே என்றாலும், தகப்பன் பெயர் பக்கத்தில் இருக்கிறதே. டியூஷன் வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் பகோடாப் படிகளிலும் செருப்பு மாறுவது ஒருபோதும் நிற்கப்போவதில்லை. அதற்கும் குறிதான் வழி. ரப்பர்ச் செருப்பானால் இரண்டு குதிகாலின் உள்ளோரத்திலும் கத்தியால் சின்ன வெட்டு ஒன்று. வார் வைத்தது என்றால் வாரின் அடிப்பக்கத்தில் அந்தச் சிவப்பு நூலால் இரண்டு தையல். இரண்டு காலிலும் போடவேண்டும். மாறுவது பெரும்பாலும் ஒற்றைச் செருப்புத்தான்.

சாப்பாட்டு அடுக்குக்கு நம் அம்மாமார்கள் கண்டுபிடித்த வழியைவிடச் சிறந்தது இல்லை: எவர்சில்வரில் பெயர் வெட்டுவது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரக்காரரிடம் கேளுங்கள், இல்லையென்றால் தெருவோரம் சாவி வெட்டுபவரிடம் கொண்டுபோங்கள். ஓர் ஆணியும் சுத்தியலும் போதும், எழுத்துக்கு எழுத்து புள்ளியால் பொறித்துக் கொடுப்பார். நாமே செய்வதானால் உள்ளே மணல் நிரப்பிக்கொண்டு தட்டுங்கள், தகடு நெளியாது. அடியில் மட்டும் வெட்டி நிறுத்திவிடாதீர்கள். அடுக்கில் இரண்டு கிண்ணம், ஒரு மூடி, ஒரு பிடி, ஒரு கரண்டி. தொலைவது எப்போதும் மூடி.

மழைக்கோட்டில் மார்க்கரும் நிற்காது, ஒட்டியதும் நிற்காது. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மேலே கசிந்து மையைப் பரப்பும், பசையை வழுக்கும். தொங்கவிடும் கண்ணியில் நாடாவைச் சுற்றித் தையுங்கள், பிளாஸ்டிக்கை ஊசியால் துளைக்கவே வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர்ப் புட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு மார்க்கரால் எழுதி, காய்ந்ததும் மேலே நிறமற்ற நகப்பூச்சை இரண்டு கோட்டிங் பூசுங்கள். கை பிடிக்கும் இடத்தில் எழுதாமல் அடிவிளிம்பை ஒட்டி எழுதுங்கள். பென்சிலின் பின்முனையில் ஓர் அங்குலம் சீவி அந்த வெள்ளை மரத்தில் பெயரை எழுதலாம். ரப்பருக்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை, வாங்கிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

பெயரைப் பையின் வெளிப்புறத்தில் பெரிதாக எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம் அம்மா. முன்பின் தெரியாத ஒருவர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால், பிள்ளை அவரைத் தெரிந்தவர் என்றே நினைக்கும். பெயர் எப்போதும் உட்புறம்தான். தொலைபேசி எண்ணைப் பையின் உள்ளறையில் ஒரு நாடாவில் எழுதித் தைத்துவிடுங்கள். வீட்டு முகவரி எங்கும் தேவையில்லை. தீமிதி போன்ற கூட்டத்துக்குக் கூட்டிப்போகும்போது மட்டும் எண்ணை முழங்கைக்கு மேலே உட்புறம் பேனாவால் எழுதுவேன். வீட்டுக்கு வந்து குளித்தால் போய்விடும்.

கடைசியாக, சின்னவள். மகன் உடுத்திய வெள்ளைச் சட்டையைக் கழுத்து மாற்றி அவளுக்குக் கொடுக்கலாம். பையனின் கழுத்துப்பட்டையை எடுத்துவிட்டு வட்டக் கழுத்து வைத்தால் போதும், பொத்தான் பக்கம் மாறினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்காகத்தான் நாடாவை இரு முனையிலும் மட்டும் தையுங்கள் என்பேன், நான்கு பக்கமும் அடைக்கவேண்டாம். நான்கு தையலைப் பிரித்தால் கழன்று வரும், துணியில் தடம் இருக்காது. இன்னொரு யோசனையும் உண்டு. நாடாவில் முதலில் தகப்பன் பெயரையும், ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிள்ளையின் பெயரையும் எழுதினால், பிற்பாடு பிள்ளை பெயர் உள்ள பாதியை மட்டும் புது நாடாத் துண்டால் மூடித் தைத்துவிடலாம். அவர் பெயர் இருவருக்கும் பொதுதானே.

நாடா ஒரு கெஜத்துக்கு இரண்டாக வாங்கி, இரண்டையும் ஒன்றாகவே அலசி வையுங்கள். திஞ்ஜான் முடிந்ததும் எழுதத் தொடங்கினால் வெயில் இருக்கும்போதே வேலை முடியும். சிவப்புக் காஜா உங்களுக்குக் கைவராவிட்டால் மே மாதம் பத்தாம் தேதிக்குள் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு வந்தால் நான் நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது.